பஸ் ஏற வேண்டாத கேள்வி

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் ஏறாது என்று ஒரு பேச்சு இருந்தது. யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. நாங்கள் அதை மறுத்ததும் இல்லை, அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை. மரக்காணத்து உப்பளங்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அறிவியலோடு எந்தத் தகராறும் கிடையாது. கேள்விகளோடுதான் தகராறு.

‘ஈரத் துணியை எங்கே போட்டால் நன்றாகக் காயும்?’ என்று கேள்வி வரும். வெயிலும் காற்றும் உள்ள இடத்தில் என்று எழுத வேண்டும். எங்கள் தெருவில் வெயிலுக்கும் காற்றுக்கும் என்ன பஞ்சம்? ஆனால் அந்தக் காற்றில் உப்பு இருந்தது. மத்தியானம் மொடமொடவென்று காய்ந்த சட்டை சாயங்காலம் மறுபடியும் பிசுபிசுத்துவிடும். ஆகவே மீன் விற்கிற அக்காவின் மகன் தமிழரசன், ‘எங்கும் காயாது’ என்று எழுதிவைத்தான். ‘இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க என்ன செய்யலாம்?’ என்ற கேள்விக்குப் பக்கத்து வீட்டு ஜெனிட்டா, ‘சீக்கிரம் விற்றுவிடலாம்’ என்று எழுதினாள். அவள் வீட்டு ஜன்னல் கம்பிகள் பிடித்த கையோடு வந்துகொண்டிருந்த சமயம் அது.

நான் மட்டும் என்ன குறைச்சல்? ‘மழையின் நன்மைகள் இரண்டு கூறு’ என்றதற்கு, ‘நன்மை இல்லை’ என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். பாத்தியில் விளைந்து கிடக்கிற உப்பை ஒரே மழை கரைத்துக்கொண்டு போனால் எங்கள் வீட்டில் எல்லோர் முகமும் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். கேள்வி கேட்டவருக்குத் தெரியாது. அப்பா அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “புள்ள சரியாத்தான எழுதியிருக்குது” என்றார். அவர் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். மழை விஷயத்தில் அவரிடம் நியாயம் எதிர்பார்க்க முடியாது.

இந்தக் கூட்டத்தைக் கட்டி மேய்க்கும் வேலை என் சித்தியின் தலையில் வந்து விழுந்தது.

சித்தி அம்மாவின் தங்கை. இரும்பை கிராமத்தில் தாத்தாவோடு இருந்தவள், அவர் போன பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தாள். பயிற்சி முடித்தவர்கள் அப்போது தெருவுக்குத் தெரு இருந்தார்கள், வேலைதான் இல்லை. சித்தி காலையில் அம்மாவுக்குக் கூடமாட உதவி செய்வாள். சாயங்காலம் எங்கள் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துப் பாடம் சொல்லுவாள். தன்னை ‘மிஸ்’ என்று கூப்பிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. யாரும் கூப்பிடவில்லை. எனக்குச் சித்தி, மற்றவர்களுக்கு அக்கா, அவ்வளவுதான்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்துகொண்டிருந்தன.

ஒன்று, கன்னியாஸ்திரீகள் நடத்துகிற பள்ளி. அங்கே ஆறாம் வகுப்பில் சேர ஒரு சின்னப் பரீட்சை எழுத வேண்டும். அதற்குத்தான் சித்தி எங்களைத் தயார் செய்துகொண்டிருந்தாள். அதே பள்ளியில் கீழ் வகுப்புகளுக்கு ஓர் ஆசிரியை தேவைப்பட்டது. சித்தி போய்ச் சான்றிதழ்களைக் காட்டியபோது தலைமை சிஸ்டர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் எல்லார்கிட்டயும் இருக்குதும்மா. நீங்க சொல்லிக் குடுக்கறத நான் ஒரு நாள் வந்து பாக்கறேன்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

இன்னொன்று, மாப்பிள்ளை. வந்தவாசிப் பக்கம் ரைஸ் மில் வைத்திருந்தவர். அவருடைய போட்டோ அம்மாவின் போனில் வாட்ஸ்அப்பில் வந்து, வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோருடைய கையிலும் ஒரு சுற்று சுற்றிவிட்டது. நல்ல களையான முகம். “பொண்ணு வேலைக்கெல்லாம் போவத் தேவையில்லன்னு சொல்லிட்டாங்க. ராணி மாதிரி வீட்ல இருக்கலாமாம்” என்று அம்மா ஒவ்வொருவரிடமும் பூரித்துச் சொன்னாள். சித்தி அப்போதெல்லாம் கத்திரிக்காய் நறுக்குவதில் மும்முரமாக இருப்பாள். ஒரு நாள் அம்மா நேராகவே கேட்டுவிட்டாள்.

“மொதல்ல வேலை கெடைக்குதான்னு பாக்கலாம்க்கா” என்றாள் சித்தி.

“கெடைக்கலன்னா?”

“கெடைக்கலன்னா உன் இஷ்டம்.”

இதை நான் என் காதாலேயே கேட்டேன். ஆனால் என் மண்டையில் அது நிற்கவில்லை. என் மண்டையில் நின்றதெல்லாம் சித்தி கல்யாணத்துக்கு அம்மா எனக்கு எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்த வாடாமல்லி நிறப் பட்டுப்பாவாடைதான். சித்திக்கு வேலையும் கிடைக்க வேண்டும், கல்யாணமும் நடக்க வேண்டும் என்று தினமும் சாமி கும்பிட்டேன். இரண்டில் ஒன்றுதான் நடக்கும் என்பதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை.

எங்களுடைய விசித்திர விடைகளைப் பார்த்துப் பார்த்து சித்தி ஒரு வழி கண்டுபிடித்தாள். “கேள்வி கேக்கறவங்க நம்ம ஊருக்காரங்க இல்ல. எங்கியோ இருந்துகிட்டு கேக்கறாங்க. கண்ண மூடிக்கினு பஸ் ஏறி அவங்க ஊருக்குப் போ. அங்க துணி காயும், மழை வந்தா சந்தோஷப்படுவாங்க. அங்க நின்னு பதில் சொல்லிட்டு, திரும்பி பஸ் புடிச்சி வந்துடு” என்றாள்.

இது எங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கேள்வியைப் படித்ததும் கண்ணை மூடிக்கொள்வோம். தமிழரசன் வாயால் ஹாரன் அடிப்பான். ஜெனிட்டாவுக்கு மட்டும் ஜன்னலோர சீட் வேண்டும். “ஏறிட்டியா?” என்பாள் சித்தி. “ஏறிட்டேன்.” “இரும்பு துருப்பிடிக்காம இருக்க இன்னா பண்ணலாம்?” “பெயிண்ட் அடிக்கலாம்க்கா.” “எறங்கி வா.” இப்படியாக நாங்கள் தினமும் அந்தக் கண்காணாத ஊருக்குப் போய்ப் போய் வந்தோம். விடைகள் சரியாக வர ஆரம்பித்தன. அந்த ஊரில் எல்லாமே சொன்னபடி நடந்தது. எனக்கு அந்த ஊர்மீது கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

சிஸ்டர் வருகிற நாள் வந்தது. அம்மா மாடிப்படியைக் கழுவி விட்டாள். நாங்கள் எண்ணெய் வைத்துத் தலை வாரி, சுவரில் மாட்டிய படம் போல உட்கார்ந்திருந்தோம். சிஸ்டருக்கு முழங்கால் வலி. படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி மேலே வந்து, நாங்கள் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, “நான் இருக்கறத மறந்துட்டு நடத்துங்க” என்றார். அப்படி ஒருவர் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் மறக்கவா முடியும்?

சித்தி செம்பருத்திப் பூவைப் பிரித்துப் பாகங்களைச் சொல்லிக்கொடுத்தாள். முந்தின நாளே ஒத்திகை பார்த்த பாடம். யாரைக் கேட்டாலும் டக்டக்கென்று சொன்னோம். தமிழரசன் கேட்பதற்கு முன்னாலேயே ‘மகரந்தம்’ என்றான். சிஸ்டர் தலையை ஆட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். சித்தியின் மேலுதடு வேர்த்திருந்தது. மடித்த முந்தானை நுனியால் அவள் அதைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

“பூ போதும்மா” என்றார் சிஸ்டர். “உங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு ஈஸியா ஒண்ணு நான் கேக்கறேன். கடல் தண்ணியிலேர்ந்து உப்ப எப்படிப் பிரிக்கறோம்? வடிகட்டியா, படிய வெச்சியா, ஆவியாக்கியா, இல்ல கையால பொறுக்கியா?”

எங்கள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. சித்தி அப்போதுதான் மூச்சே விட்டாள் என்று நினைக்கிறேன். உப்பைப் பற்றி எங்களிடமா? எல்லாக் கைகளும் மேலே போயின. சித்தி என்னைக் காட்டினாள். இருந்தவர்களில் நான்தான் உப்பளக்காரர் வீட்டுப் பிள்ளை.

நான் வழக்கம்போலக் கண்ணை மூடினேன். மூடியதும் திறந்துவிட்டேன். உப்புக் கேள்விக்கு எதற்கு பஸ்? அது எங்கள் ஊர்ச் சமாச்சாரம். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற சமாச்சாரம். எழுந்து நின்று, தெருவுக்கே கேட்கும்படி, “படிய வெச்சி” என்றேன்.

காற்றில் கொட்டகைத் தகரம் ஒரு தடவை படபடத்தது. சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை, சித்தியைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அப்பா கலர் சோடா பாட்டிலும் டம்ளருமாகப் படியேறி வந்திருந்தார். கடைசிப் படியில் நின்றபடியே, “கரெக்டாத்தான் சொல்லுது” என்று எனக்குப் பரிந்துகொண்டு வேறு வந்தார்.

சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. ஏதோ தப்பாகப் போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது. என்ன என்றுதான் புரியவில்லை. மெதுவாகக் கேட்டேன், “சித்தி, பஸ் ஏறட்டுமா?”

சித்தி ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். ஏறு என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் அந்த ஊருக்கு ஓடிப்போய் ‘ஆவியாக்கி’யைக் கொண்டுவந்து சிஸ்டரின் மடியில் போட்டிருப்பேன். அவள் சொல்லவில்லை.

“வேணாம். இங்கியே நில்லு” என்றாள். “ஏன் படிய வெச்சின்னு சொல்ற?”

“வெள்ளையா அடியில படிஞ்சி கெடக்குது. மேல தண்ணி நிக்குது. தண்ணிக்குள்ளேர்ந்துதான அப்பா பலகையால வார்றாரு? ஆவியாப் போயிருந்தா தண்ணி எப்படி நிக்கும்?”

“சுத்தமா காய உட்டுட்டா உப்பு கசந்துடும்ங்க சிஸ்டர்” என்று அப்பா விளக்கம் கொடுத்தார். “கடைசித் தண்ணிய வடிச்சி உட்டுடணும்.”

“அப்ப வடிகட்டிதான்” என்றான் தமிழரசன், கையைத் தூக்காமலேயே.

“மாமா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க” என்றாள் சித்தி. அப்பாவை அவள் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அப்பா பாட்டிலோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

சித்தி என்னைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக அழைத்துப்போனாள். கீழே பாத்திகள் வரிசையாகப் பளபளத்துக்கொண்டிருந்தன. சிஸ்டர் வந்திருப்பதையே அவள் மறந்துவிட்ட மாதிரி இருந்தது.

“சேத்துத் தண்ணிய ஒரு சொம்புல புடிச்சி வெச்சா இன்னா ஆவும்?”

“கொஞ்ச நேரத்துல சேறு அடியில படிஞ்சிடும்.”

“மூடி போட்டு மூடி வெச்சா?”

“அப்பவும் படியும்.”

“சரி. பாத்தியில புதுசா தண்ணி பாய்ச்சறாங்களே, அன்னிக்கே உப்பு படியுதா?”

“இல்ல.”

“மறுநாளு?”

“இல்ல. வெயில் அடிக்கணும்.”

“சேறு வெயிலுக்காகக் காத்துக்கினு இருக்கல. உப்பு மட்டும் ஏன் காத்துக்கினு இருக்குது?”

நான் பாத்திகளைப் பார்த்தேன். தினமும் பார்க்கிற பாத்திகள்தான். புதிதாகத் தண்ணீர் விட்ட பாத்தி வரப்பு வரைக்கும் நிரம்பி இருந்தது. உப்பு இறங்கிய பாத்தியில் தண்ணீர் கீழே போய், வரப்போரத்தில் ஈரக் கோடு மட்டும் தெரிந்தது. படியில் அப்பா வாயைத் திறந்து, சித்தி திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

“தண்ணி கொறையணும்” என்றேன்.

“கொறைஞ்ச தண்ணி எங்க போச்சு?”

“மேல. வெயிலும் காத்தும் தூக்கிக்கினு போயிடுச்சு.”

“உப்பையும் சேத்துத் தூக்கிக்கினு போச்சா?”

“இல்ல. உப்ப இங்கியே உட்டுட்டுப் போயிடுச்சு. தண்ணி பத்தாததால அது அடியில எறங்கிடுச்சு.” சொல்லும்போதே எனக்குப் பிடிபட்டுவிட்டது. “சித்தி, தண்ணியிலேர்ந்து உப்பப் பிரிச்சது வெயிலுதான். படியறது அதுக்கப்புறம்தான். ஆவியாக்கி.”

“எறங்கி வா” என்றாள் சித்தி பழக்கதோஷத்தில். நான் எந்த பஸ்ஸிலும் ஏறவே இல்லை.

சிஸ்டர் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். கலரைத் தொடவில்லை. இறங்கும்போது அப்பாவிடம், “படி ரொம்ப ஒசரமா கட்டிட்டீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிப் போய்விட்டார்.

அவ்வளவுதான் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். “போயும் போயும் உப்புல கோட்ட உட்டுட்டோமே” என்று அம்மா மாய்ந்து போனாள். அவள் என்னைத் திட்டவில்லை. அப்பாவைத் திட்டினாள். “அந்த நேரத்துல நீங்க இன்னாத்துக்கு மூக்க நொழைக்கணும்?” அப்பா உப்பளத்திலேயே அதிக நேரம் இருக்க ஆரம்பித்தார். சித்தி யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் மாடியில் எங்களுக்குப் பாடம் சொன்னாள், பாத்திரம் கழுவினாள். சாப்பிடக் கூப்பிட்டால், “பசிக்கல, அப்புறமா சாப்பிடறேன்” என்றாள். அந்த அப்புறம் வந்ததாக எனக்கு நினைவில்லை. போன் அடித்தால் மட்டும் அவள் கை அப்படியே நின்றுவிடும். அது வந்தவாசி போனாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருவதாக அவர்கள் சொல்லிவிட்டார்கள். பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அம்மா எனக்குப் பாவாடை அளவு எடுத்தாள்.

சனிக்கிழமை காலையில் மறுபடியும் போன் அடித்தது. மாவுக் கையோடு இருந்த அம்மா, என்னை எடுக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். எடுத்தேன். “சித்திகிட்ட குடு பாப்பா” என்றது ஒரு குரல். யாரென்று எனக்குத் தெரியவில்லை. சித்தி வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, “சரிங்க சிஸ்டர்... சரிங்க சிஸ்டர்...” என்று நாலைந்து தடவை சொன்னாள். பிறகு, “அது வந்து... அது ஒரு வெளையாட்டுங்க சிஸ்டர்” என்றாள்.

போனை வைத்துவிட்டு அப்படியே சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னாடி சொல்றாங்க?” என்றாள் அம்மா.

“ஸ்கூல் தொறக்கற அன்னிக்கு வந்துடச் சொல்றாங்கக்கா. பூவப் பத்தி புள்ளைங்க கரெக்டா சொன்னப்ப அவங்களுக்கு என்னப் பத்தி ஒண்ணும் தெரியலையாம். உப்பத் தப்பா சொன்னப்புறம்தான் நான் சொல்லிக் குடுக்கறதப் பாத்தாங்களாம்.” சொல்லிவிட்டு சித்தி சிரித்தாள். “வரும்போது அந்த பஸ் எந்த பஸ்ஸுன்னு சொல்லுங்கன்னு கேக்கறாங்க.”

அம்மாவுக்கு எந்த பஸ் என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் வேலை என்பது புரிந்தது. மாவுக் கையோடேயே தங்கையின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்து, கையை எடுத்துவிட்டு, “நாளைக்கு அவங்க வர்றாங்களேடி” என்றாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அப்பாதான், “நான் பேசிக்கறேன், நம்பரக் குடு. ஒரு வருஷம் போவட்டும்னு சொல்லிடறேன்” என்றார். முந்தைய பாவத்தைக் கழுவ அவருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. அவர் பேசினார். மறுமுனையில் கொஞ்சம் சத்தம் வந்தது, அப்புறம் அடங்கியது. “மாப்பிள்ள வீட்டுக்காரங்க தங்கமானவங்க” என்றார் அப்பா, போனை வைத்த பிறகு. மாப்பிள்ளை நிஜமாகவே நல்லவர்தான் போலிருக்கிறது. அந்த ஆவணியிலேயே வேறு இடத்தில் கல்யாணம் ஆகி நன்றாக இருக்கிறார் என்று பின்னால் கேள்விப்பட்டோம்.

சித்தி எழுந்து, முந்தின நாள் மீன் குழம்பைச் சட்டியோடு எடுத்து வைத்துக்கொண்டு, சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டாள். அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். காலை பத்து மணிக்கு யாராவது மீன் குழம்புச் சோறு சாப்பிடுவார்களா என்று அம்மா கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் போட்டாள். எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நான் சொன்ன தப்பான விடையால் சித்திக்கு ஒன்றும் கெட்டுவிடவில்லை. அந்த நிம்மதியில் ஓடிப்போய் ஜெனிட்டாவிடமும் தமிழரசனிடமும் சொல்லிவிட்டு வந்தேன். தமிழரசன் மாடியைப் பார்த்து, “மிஸ்” என்று சும்மா ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தான்.

திரும்பி வந்தபோதுதான் அம்மா என் அளவு எழுதிய தாளை மடித்து அலமாரிக்குள் வைப்பதைப் பார்த்தேன்.

“பட்டுப்பாவாடை எப்பம்மா?”

“இப்ப எதுக்கு? கல்யாணம்தான் இல்லியே.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சித்திக்கு வேலை கிடைத்ததற்கும் பாவாடை போனதற்கும் என்ன சம்பந்தம்? தேம்பித் தேம்பி அழுதேன். “பாரேன், சித்திக்கு வேலை கெடைச்சதுல புள்ளைக்கு எவ்ளோ சந்தோஷம்னு” என்று அப்பா பெருமைப்பட்டுக்கொண்டார். சித்தி மட்டும் கை கழுவிவிட்டு வந்து, என்னை மடியில் போட்டுக்கொண்டு, ஈரக் கையாலேயே கண்ணைத் துடைத்தாள். அவள் கையில் மீன் குழம்பு வாசனை அடித்தது.

“வாடாமல்லிதான? மொத சம்பளத்துல நான் எடுத்துத் தர்றேன்.”

“எதுக்கு?”

“நீ படிய வெச்சின்னு சொன்னியே, அதுக்கு.”

சொன்னபடி எடுத்தும் கொடுத்தாள். கல்யாணம் காட்சி ஒன்றும் இல்லாமல், அதை உடுத்திக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினேன். பரீட்சை எழுதி அதே பள்ளியில் நானும் சேர்ந்துவிட்டேன். இப்போது புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் வேதியியல் படிக்கிறேன். சித்தி இன்றைக்கும் அந்தப் பள்ளியில்தான் வேலை பார்க்கிறாள். தன்னோடு வேலை பார்த்த ஒருவரையே அவள் பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டதும், அதற்கு எனக்கு இன்னொரு பட்டுப்பாவாடை கிடைத்ததும் வேறு கதை.

ஆனால் அந்த முதல் பாவாடையின் மடிப்பு கலையாமல் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றபோது என் மனதில் ஒரே குழப்பம்தான். ‘மகரந்தம்’ என்று சரியாகச் சொன்ன தமிழரசனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விடை தப்பாகச் சொன்னவளுக்கு யாராவது பட்டு எடுத்துத் தருவார்களா? பாவம், சித்திக்கு இன்னும் சரியாக மார்க் போடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.